ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்த சீசன்

மதிப்பீட்டு வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் தொடர்களை எந்த வேகத்தில் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். திரையின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தானைத் தட்டி ஒன்றேகால், ஒன்றரை என்று வைத்துக்கொள்வீர்கள். குறை சொல்ல வரவில்லை. சானலின் மதிப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வாரத்தில் மூன்று சீசன் வந்து விழுந்தால் வேறு என்ன செய்வது? நானும் அப்படித்தான் பார்த்தேன். அப்படிப் பார்த்து ஒரு தொடருக்குக் கிட்டத்தட்ட முடிவே கட்டியிருப்பேன். நான் வேலையை விட்டு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதனால் எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

தொடரின் பெயர் 'எங்க வீட்டு மேனேஜர்'. கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர், பத்து சீசன் ஓடியிருந்தது. கதை ஆம்பூரில் நடக்கும். பெருமாள் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். அவர் மனைவி கனகா அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவள். கோயிலுக்கு வெட்டுவதாக வேண்டிக்கொண்டு வாங்கி வந்த கிடாவை வெட்ட மனசில்லாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊரே தோலில் பிழைக்கிறது, அந்த ஊரில் ஒரு ஆடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் மேனேஜர்.

ஆட்டைப் பார்க்கத்தான் குழந்தைகள் வந்தார்கள். பெரியவர்கள் கனகாவின் வாய்க்காக வந்தார்கள். அந்தப் பெண் வாயைத் திறந்தால் இரண்டு நிமிடம் மூச்சு விடாமல் திட்டுவாள். புருஷனில் ஆரம்பித்து, சூப்பர்வைசர், பஸ் டிரைவர், மழை, பாலாறு என்று ஒருவரையும் விடமாட்டாள். குரல் கொடுத்தவர் எஸ்தர். நடிகை இல்லை. ஆம்பூரில் நிஜமாகவே ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர். தொடர் தொடங்கிய புதிதில், தையல் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்ய மைக்கோடு போன ஆட்கள் வழியை மறித்து நின்றிருக்கிறார்கள். எஸ்தர் அவர்களைத் திட்டிய திட்டலை அப்படியே முதல் எபிசோடில் வைத்துவிட்டார்கள். மறுமாதமே அவரை வேலையை விடச் சொல்லி அழைத்துக்கொண்டார்கள்.

பதினோராவது சீசனுக்கான பன்னிரண்டு எபிசோடும் ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தன. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இந்த சீசனோடு நிறுத்தலாமா என்று சானலில் பேச்சு இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். அதற்குள் என் அறிக்கை வேண்டும். கூடவே வேறு இரண்டு தொடர்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளில் பன்னிரண்டையும் ஒன்றரை வேகத்தில் பார்த்து முடித்தேன்.

எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கோபமே வந்தது. நான் வாலாஜாப்பேட்டைக்காரி. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சை டெலிவிஷனில் முதல்முறை கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இந்த சீசனில் கனகா பேசவே இல்லை. ஐந்து வார்த்தை, ஆறு வார்த்தை, அவ்வளவுதான். பழைய திட்டல் ஒன்றுகூடக் கிடையாது. குரலில் ஒரு சலிப்பு. என் அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'கனகாவுக்குக் குரல் கொடுப்பவர் ஆர்வம் இழந்துவிட்டார் என்பது தெளிவாகத் தெரிகிறது. எழுதுபவர்களும் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். தொடரை முடித்துக்கொள்ளலாம், அல்லது குரலையாவது மாற்றலாம்.'

எழுதி முடித்ததும் ஒரு திருப்திகூட வந்தது. நறுக்கென்று எழுதிவிட்டோம் என்கிற திருப்தி. அது வரும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பாதகமான அறிக்கை என்றால், கொடுப்பதற்கு முன்னால் தயாரித்தவர்களை நேரில் பார்த்து முக்கியமான வரிகளைப் படித்துக்காட்ட வேண்டும். பலர் போனிலேயே முடித்துவிடுவார்கள். எனக்கு ஊர்ப்பக்கம் என்பதால் வியாழக்கிழமை காலை ரயிலில் காட்பாடிக்குப் போய் இறங்கினேன்.

ஸ்டூடியோ வேலூர் சத்துவாச்சாரியில், ஒரு டூவீலர் ஷோரூமின் மாடியில் இருந்தது. படம் வரைகிறவர்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். நெமிலி, கலவை, வாலாஜா என்று சுற்றுப்பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எதற்காக வந்திருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு அறை முழுக்க எழுந்து நிற்கும்போது கையில் அந்தக் காகிதத்தோடு நடப்பது சுலபமில்லை.

இயக்குநர் தயாளன் என்னை ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துப் போனார். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொல்லிவிட்டு அவர் உட்காரவே இல்லை.

"மேடம், சுத்தி வளைக்க வேணாம். இன்னா எழுதியிருக்கீங்களோ அதைப் படிச்சுடுங்க."

படித்தேன். அந்த வரியையும் படித்தேன். 'ஆர்வம் இழந்துவிட்டார் என்பது தெளிவாகத் தெரிகிறது.' தயாளன் சட்டென்று கையை உயர்த்தினார். அவர் பார்வை என்மேல் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மேசையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது. மணலைச் சட்டியில் போட்டு வறுத்தால் வருமே, அப்படி ஒரு கரகரப்பு.

"இன்ட்ரெஸ்ட் போச்சுன்னு... யாரு சொன்னது?"

திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்குப் பின்னால், தலையில் ஹெட்போனோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் அறையிலிருந்து உள்ளே பேசும் மைக் திறந்தே இருந்திருக்கிறது. நான் படித்தது ஒரு எழுத்து விடாமல் எஸ்தரின் காதில் விழுந்திருக்கிறது.

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார். அறுபதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு. கழுத்தில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றியிருந்தார். என் எதிரில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"எந்த ஊரும்மா நீ?"

"வாலாஜாப்பேட்டை அக்கா."

"அப்ப நான் பேசறது ஒனக்குப் புரியும். எழுதினதை நீ மாத்த வேணாம். நல்லால்லன்னா நல்லால்லன்னு எழுது. ஆனா இன்ட்ரெஸ்ட் போச்சுன்னு எழுதாத." நிறுத்தி ஒரு மூச்சு இழுத்தார். "மூச்சு போச்சுன்னு எழுது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. தயாளன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு தயாளன்தான் சொன்னார். "அக்காவுக்குத் தொண்டைல கட்டி மேடம். போன சீசன் முடிஞ்ச கையோட ஆபரேஷன். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு மூச்சுல ஆறு வார்த்தைக்கு மேல வராது. ஜாஸ்தி பேசினா இருக்கற கொரலும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"சானலுக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா வேற ஆள வெச்சுருவாங்க. அக்கா இல்லாம கனகா இன்னா மேடம்? நாங்க எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம். இருக்கற கொரலுக்கு எழுதுவோம்னு."

நான் தவறு செய்தது எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது. குரல் மெலிந்திருக்கிறது என்பது என் காதில் விழுந்தது. அதை எழுத எனக்கு உரிமை உண்டு. ஆர்வம் இழந்துவிட்டார் என்பதை நான் எங்கே கேட்டேன்? முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் மனதுக்குள் புகுந்து பார்த்தவள்போல எழுதியிருக்கிறேன். போதாததற்கு 'தெளிவாகத் தெரிகிறது' வேறு.

இது என் முதல் தவறு. இரண்டாவது அடுத்த அரைமணியில் தெரிந்தது.

தயாளன் ஒன்றே ஒன்று கேட்டார். ஏழாவது எபிசோடில் ஒரு சாப்பாட்டுக் காட்சி இருக்கிறது, இங்கே பெரிய திரையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். என் நோட்டைப் புரட்டினேன். 'ஏழு. சாப்பாடு. மந்தம். ஆட்டு ஜோக் பழசு' என்று குறித்திருந்தேன்.

காட்சி இதுதான். கம்பெனியில் தோல் வெட்டும் மெஷின் புதிதாக வந்துவிட்டது. பெருமாளைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து ப்ரமோஷன் கிடைத்துவிட்டது என்று புளுகுகிறார். கனகாவுக்கு விஷயம் தெரியும், அவளும் அங்கேதானே வேலை செய்கிறாள். பழைய கனகாவாக இருந்தால் கூரை பறந்திருக்கும். இவள் ஒன்றும் பேசவில்லை. தட்டை வைக்கிறாள். சோறு போடுகிறாள். குழம்பு ஊற்றுகிறாள். பெருமாள் புளுகிக்கொண்டே போகிறார். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைக்கும் சத்தம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுகிறது. பெருமாளின் பேச்சு குறைந்துகொண்டே வந்து நின்றுபோகிறது. நீளமான மௌனம். கனகா அவர் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து ஆட்டின் முன்னால் வைக்கிறாள். ஆடு அப்பளத்தைப் பார்க்கிறது, பெருமாளைப் பார்க்கிறது, தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அப்போதுதான் கனகா பேசுகிறாள்.

"மேனேஜரே, நீயாவது நெஜத்தச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் காட்சியை இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்றுதான் தோன்றியது. நிஜமும் அதுதான். ஒன்றரை வேகத்தில் அந்த மௌனம் இருக்கவில்லை. கரண்டிச் சத்தம் ஒரே தாளமாகக் கடகடத்துப் போய்விட்டது. பேச்சை வேகமாக ஓட்டினாலும் புரிந்துவிடும். இவர்கள் இந்த சீசனைப் பேச்சில் கட்டவில்லை. பேச்சுக்கு நடுவில் இருந்த இடத்தில் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தைத்தான் நான் பொத்தானை அழுத்திச் சுருக்கிவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் நம் வேலை இங்கேதான் கஷ்டமாகிறது. அந்த அம்மா என் பக்கத்தில் கழுத்துத் துணியோடு உட்கார்ந்திருக்கிறார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். நான் அவமானத்தில் இருக்கிறேன். இந்த நிலையில் எனக்குக் காட்சி பிடித்தது என்றால், பிடித்தது காட்சியா, என் குற்ற உணர்வா? எனக்கே தெரியவில்லை.

எங்கள் நிகழ்ச்சித் தலைவருக்குப் போன் போட்டேன். ஒரு நாள் கூடுதலாகக் கேட்டேன்.

"நாளைக்கு மீட்டிங்கும்மா. நீங்கதான் எழுதி முடிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

"முடிச்சேன் சார். தப்பா முடிச்சுட்டேன்."

"ஒரு நாளெல்லாம் முடியாது. நாளைக்கு மதியம் அறிக்கை மேசையில இருக்கணும்."

அப்போது காலை பதினொரு மணி. தயாளனிடம் அந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரை வெளியே போகச் சொன்னேன், எஸ்தரையும்தான். பக்கத்தில் அவர்கள் இருந்தால் மரியாதைக்காகவாவது சிரித்துவிடுவேன். தயாளன் கதவருகில் தயங்கி நின்றார்.

"கொஞ்சம் பார்த்து எழுதுங்க மேடம்."

"பார்த்துத்தான் எழுதப்போறேன் தயாளன். மொதல்ல பார்க்கலை."

பன்னிரண்டு எபிசோடையும் அதன் வேகத்திலேயே பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பார்க்கும்போது, பிடித்தது காட்சியா குற்ற உணர்வா என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. கனகாவின் குரல் அவள் வருகிற எல்லா எபிசோடிலும் அதே அளவுக்குத்தான் மெலிந்திருந்தது. ஆனால் எல்லா எபிசோடும் ஒன்றுபோல இல்லை. முதல் நான்கில் அவள் பேசாத இடங்கள் வெறும் ஓட்டையாக இருந்தன. ஓட்டையை அடைக்க ஆட்டைக் குட்டிக்கரணம் போடவிட்டிருந்தார்கள். மூன்றாவதில் சந்தையில் ஆடு தொலைந்துபோகும் கதை, கனகா வருவதே இல்லை. அதுவும் இழுவை. ஐந்திலும் ஆறிலும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். பத்தாவது எபிசோடு, பெருமாள் புது வேலைக்குப் பழகும் கதை, பதினொரு சீசனிலும் அதற்கு இணையாக ஒன்று கிடையாது.

எனக்கு நிம்மதி வந்தது. பரிதாபத்தால் நான் மயங்கியிருந்தால் பன்னிரண்டுமே பிடித்திருக்க வேண்டும். நான்கு இன்னும் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது எஸ்தர் மாடிப்படி வரை வந்தார். என்ன எழுதப்போகிறேன் என்று கேட்கவில்லை. "பஸ்ஸுல போகாத, இந்நேரத்துக்குக் கும்பல் ஜாஸ்தி, ஆட்டோ புடிச்சுப் போ" என்றார்.

ரயிலில் உட்கார்ந்து அறிக்கையைப் புதிதாக எழுதினேன். முதல் நான்கு எபிசோடுகள் பலவீனமானவை, ஏன் என்றும் எழுதினேன். ஏழு முதல் பன்னிரண்டு வரை தொடர் வேறொன்றாக மாறியிருக்கிறது, பார்த்தவர்கள் விலகிப்போனது முந்தைய சீசன்களிலேயே என்று எழுதினேன். தொடரலாம், எபிசோடுகளைக் குறைத்துக்கொள்ளலாம், குரலை மாற்றக் கூடாது. முந்தைய வரைவில் இருந்த தவறான ஊகத்தை நீக்கியிருக்கிறேன் என்றும் ஒரு வரி.

ஆபரேஷனைப் பற்றி எழுதவில்லை. அது திரையில் இல்லாத விஷயம். எஸ்தரின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் எஸ்தர்தான், நான் இல்லை. கூட்டத்தில் தலைவர் நேராகவே கேட்டார்.

"அந்தம்மா குரல் ஏன் இப்படி ஆயிடுச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அதை அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. அந்தக் குரல் இந்தத் தொடருக்குப் பொருந்துதா இல்லையான்னு கேளுங்க, நான் பதில் சொல்றேன்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழாவது எபிசோடைப் போடச் சொன்னார். பாதியில் அவர் சிரித்தார். நான் அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் எஸ்தரே சென்னைக்கு வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

தொடர் நிற்கவில்லை. அடுத்த சீசனுக்கு எட்டு எபிசோடு என்றார்கள், நேரத்தையும் ஞாயிறு காலைக்குத் தள்ளினார்கள். ஆனால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லமாட்டேன். முதல் நான்கு எபிசோடுகளை எழுதியவர் கலவைக்காரர், முதல் சீசனிலிருந்து இருந்தவர், ஆட்டை யோசித்ததே அவர்தான். என் அறிக்கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டார்கள். நான் எழுதியது தவறில்லை. ஆனால் எபிசோடுகளைப் பற்றி எழுதியதை ஒரு ஆளைப் பற்றி எழுதியதாக அவர்கள் படிக்கக்கூடும் என்று யோசித்து, அவர் தொடரட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அவருக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்கமாட்டேன்.

ஒரு மாதம் கழித்து மத்தியான வேளையில் ஒரு போன் வந்தது. எடுத்ததும் முதலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. யார் என்று தெரிந்துவிட்டது, காத்திருந்தேன்.

"தயாளன் ஒன் ரிப்போர்ட்ட காட்டினான்," என்றார் எஸ்தர்.

நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாலாவது எபிசோடு நல்லால்லன்னு எழுதிருக்கியே. அதுல நான் இன்னா தப்பு பண்ணேன்? சொல்லு."

"உங்க தப்பு இல்லக்கா, எழுதினது..."

"அந்தப் பேச்சே வேணாம். என் பக்கம் இன்னா தப்பு?"

சொன்னேன். நாலாவதில் சூப்பர்வைசர் வீட்டுக்கு வருகிறார். எக்ஸ்போர்ட்டுக்குத் தேறாமல் ரிஜெக்ட் ஆகிற ஷூக்களைக் கம்பெனி ஆட்களே மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கம். வாசலில் கழற்றிவிட்ட அவருடைய ஷூ ஒன்றை ஆடு தின்றுவிடுகிறது. கனகா அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி நல்ல கேள்விதான். அவர் ஒரு ஷூவை மாட்டிக்கொண்டு, ஷூ இல்லாத இன்னொரு காலைப் பார்ப்பதற்கு முன்பே அவசரப்பட்டுக் கேட்டுவிட்டீர்கள் என்றேன்.

எஸ்தர் போனிலேயே, கனகாவாகி, ஒரு மௌனம் விட்டுக் கேட்டார்.

"எக்ஸ்போர்ட்டா சார், ரிஜெக்ட்டா?"

"இன்னும் கொஞ்சம் நிறுத்துங்கக்கா."

மறுபடியும் மௌனம். இந்தத் தடவை எவ்வளவு நீளம் என்றால், லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைக்கும்போது, ரொம்ப அக்கறையாக, ஆட்டின் வயிற்றைப் பற்றிய கவலையோடு அந்தக் குரல் கேட்டது.

"எக்ஸ்போர்ட்டா சார்... ரிஜெக்ட்டா?"

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹாங்," என்றார் எஸ்தர். "இப்ப சரியாச்சு." போனை வைத்துவிட்டார்.